மருத்துவர் வீட்டில் எழுதி வைக்க வேண்டிய கணக்கு

(நமது அறக்கட்டளையின் கல்வி உதவி பெற்ற மருத்துவ மாணவர்கள், இளம் மருத்துவர்கள், அவர்களது குடும்பத்தார் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)





நம் மஹல்லாவில் ஒரு பிள்ளை டாக்டராகி வந்தால் தெருவே மகிழ்கிறது. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தப் பிள்ளை சம்பாதிக்கத் தொடங்கிய சில ஆண்டுகளில், பணத்தால் வந்த மனக்கசப்போடு நம் அலுவலகத்துக்கு வரும் குடும்பங்களையும் நாங்கள் பார்க்கிறோம். அவர்களுக்கு வருமானத்தில் குறைவில்லை. எது யாருடைய பணம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, அதுதான் குறை. இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

முதலில் வயதைக் கணக்கிடுங்கள். 18 வயதில் சேரும் பிள்ளை, ஓராண்டுப் பயிற்சியையும் சேர்த்து எம்.பி.பி.எஸ். முடிக்க ஐந்தரை ஆண்டு ஆகிறது. மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குத் தயாராகி, எம்.டி. அல்லது எம்.எஸ். முடிக்கும்போது 28 வயது. டி.எம்., எம்.சிஎச். படித்தால் இன்னும் 3 ஆண்டு. அவரோடு பள்ளியில் படித்து, பாலிடெக்னிக் முடித்து வளைகுடாவுக்குப் போனவர் அதற்குள் தங்கை கல்யாணத்தை முடித்து வீடும் கட்டியிருப்பார். டாக்டருக்கோ அப்போதுதான் நிலையான வருமானம் ஆரம்பிக்கிறது. படிப்புக் கடன், தங்கை நிக்காஹ், வீடு, கிளினிக், கார் என்று பத்தாண்டுத் தேவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வாசலில் வந்து நிற்கின்றன. அந்த நெருக்கடியில்தான் எல்லாப் பணமும் ஒன்றோடொன்று கலந்துபோகிறது.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியதுதான் திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம் அது. அந்நியருக்கு மட்டும்தான் எழுத வேண்டும், சொந்தத்துக்குள் வேண்டாம் என்று நாமாகவே ஒரு விதிவிலக்கு வைத்துக்கொண்டோம்.

பெற்றோர்களே, உங்களிடமிருந்தே தொடங்குகிறோம். ஒரு பிள்ளையின் மருத்துவப் படிப்புக்காக நிலத்தையோ நகையையோ விற்றிருப்பீர்கள். அது அந்தப் பிள்ளைக்குக் கொடுத்த அன்பளிப்பா, அவர் திருப்பித் தர வேண்டிய கடனா? இதை நீங்கள் இருக்கும்போதே சொல்லுங்கள். மற்ற பிள்ளைகள் முன்னிலையில் சொல்லி, எழுதியும் வையுங்கள். பிள்ளைகளுக்கிடையே நீதி காட்டுவது நம் மீது கடமை. "எங்கள் பங்கையும் சேர்த்துத்தானே அண்ணன் படித்தான்" என்று தங்கைகள் மனதுக்குள் வைத்திருக்கும் வருத்தம், வாப்பா மவுத்தான பிறகுதான் வாய் திறக்கும். அப்போது பதில் சொல்ல வாப்பா இருக்க மாட்டார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சம்பாதிக்கும் டாக்டர் மகன், மரியாதைக்காக இடத்தை வாப்பா பெயரில் பத்திரம் செய்கிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் வாப்பாவின் காலத்துக்குப் பிறகு, அவர் பெயரில் உள்ள சொத்து வாரிசுரிமைச் சட்டப்படி எல்லா வாரிசுகளுக்கும் போய்ச் சேரும். "பணம் நான் போட்டது" என்ற வாய்வார்த்தை பத்திரத்துக்கு முன்னால் எளிதில் நிற்காது. வஸிய்யத்தால் சரிசெய்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். வஸிய்யத் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் செல்லும். மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் ஒரு வாரிசுக்கு மட்டும் எழுத முடியாது. ஆகவே, வாப்பாவுக்குக் கொடுப்பதாக இருந்தால் மனமாரக் கொடுத்துவிட்டு மறந்துவிடுங்கள். உங்களுக்காக வாங்குவதாக இருந்தால் உங்கள் பெயரில் வாங்குங்கள். சேர்ந்து வாங்கினால் யார் பங்கு எவ்வளவு என்று பத்திரத்திலேயே குறிப்பிடுங்கள்.

மனைவியின் மஹரும் நகையும் மனைவிக்கே உரியவை. கிளினிக் திறக்க, ஸ்கேன் கருவி வாங்க அவற்றைக் கேட்கும் கணவர்கள் எத்தனை கிராம் என்று எடை போட்டு, எப்போது திருப்பித் தருவோம் என்று எழுதிக் கொடுங்கள். மனைவியே டாக்டராக இருந்தால் அவருடைய சம்பாத்தியமும் அவருடையதுதான். வீட்டுச் செலவுக்கு அவர் தருவது அவருடைய தயவு.

இப்போது தொழில் கணக்கு. பல தனியார் ஆஸ்பத்திரிகள் டாக்டருக்குச் சம்பளம் என்று தருவதில்லை. கன்சல்டன்ட் கட்டணமாகக் கொடுத்து, அதில் 10 சதவீதத்தை வரியாகப் பிடித்துக்கொள்கின்றன. அந்தப் பத்தோடு வரி முடிந்துவிட்டது என்று இருந்துவிட வேண்டாம். வருமானத்தைப் பொறுத்துச் சிலர் மேலும் கட்ட வேண்டும். சிலருக்குப் பிடித்த பணம் திரும்பி வரும். கணக்குத் தாக்கல் செய்யாதவருக்கு இரண்டுமே தெரியாது. ஆண்டு வரவு 50 லட்சத்துக்கு உட்பட்ட டாக்டர்கள், வரவில் பாதியை வருமானமாகக் காட்டி எளிய முறையில் வரி கட்டலாம். ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் இந்த வரம்பு 75 லட்சம். இந்த முறையில் வருபவர்கள் முன்கூட்டிய வரியை மார்ச் 15க்குள் கட்ட வேண்டும். உங்களுக்கு இது பொருந்துமா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். கிளினிக்குக்கு ஒரு வங்கிக் கணக்கு, வீட்டுக்கு ஒரு வங்கிக் கணக்கு வையுங்கள். கிளினிக் கல்லாவிலிருந்து மளிகைக்குப் பணம் எடுக்கும் பழக்கத்தை முதல் மாதமே நிறுத்துங்கள்.

கன்சல்டன்ட்டாக இருப்பவருக்குப் பி.எஃப்., கிராஜுவிட்டி போன்றவை பெரும்பாலும் கிடையாது. கையெலும்பு முறிந்து மூன்று மாதம் படுத்தால் ஒரு சர்ஜனின் வரவு அன்றே நின்றுவிடும். ஆகவே ஆறு மாத வீட்டுச் செலவைத் தொடாமல் தனியே ஒதுக்குங்கள். கார் அதற்குப் பிறகு வரட்டும். நோயாளி வழக்குத் தொடுத்தால் காக்கும் தொழில் பாதுகாப்புக் காப்பீடும் முக்கியம். 1995இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வருகிறது. காப்பீடு குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஆலிமிடம் நிலைமையை முழுமையாக எடுத்துச் சொல்லி முடிவு கேளுங்கள். கேட்காமலே தள்ளிப்போட்டுக்கொண்டு இருக்காதீர்கள்.

அடுத்து முதலீடு. வட்டி வேண்டாம் என்பதற்காகப் பணம் முழுவதையும் நடப்புக் கணக்கில் தூங்க விடுபவர்கள் இருக்கிறார்கள். அதே காரணத்தால், "ஹலால்" என்று பலகை மாட்டியவரிடம் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் ஹலால் முதலீடு என்று சொல்லித்தான் நம் சமுதாய மக்களிடம் பணம் திரட்டியது. சில ஆண்டுகள் மாதந்தவறாமல் லாபமும் கொடுத்தது. 2019 ஜூனில் அதன் தலைவர் நாட்டைவிட்டே போய்விட்டார். அடுத்த மாதம் டெல்லியில் கைதானார். அதற்குள் பல்லாயிரம் குடும்பங்களின் சேமிப்பு சிக்கிக்கொண்டது. விதவைகளின் பணமும், மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணமும் அதில் இருந்தன.

உண்மையான வியாபாரத்தில் ஒரு மாதம் லாபம் வரும், ஒரு மாதம் நஷ்டம் வரும். மாதாமாதம் இத்தனை சதவீதம் நிச்சயம் என்று ஒருவர் சொன்னால், பெயர் அரபியில் இருந்தாலும் அங்கே நில்லுங்கள். செபியில் பதிவு உண்டா, கணக்குத் தணிக்கை உண்டா என்று கேளுங்கள். ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். முதலீட்டாளர்களைக் காக்கத் தமிழ்நாட்டில் 1997இலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது.

முறையான வழிகளும் இருக்கின்றன. மதுபானம், சூதாட்டம், வட்டித் தொழில் செய்யும் நிறுவனங்களையும், வட்டிக் கடன் மிகுந்த நிறுவனங்களையும் விலக்கிவிட்டு முதலீடு செய்யும் டாடா எத்திக்கல் போன்ற மியூச்சுவல் ஃபண்டுகள் செபி கண்காணிப்பில் நடக்கின்றன. இவற்றின் மதிப்பு ஏறும், இறங்கும். ஐந்து, பத்து ஆண்டுக்குத் தேவைப்படாத பணத்தை மட்டுமே இதில் போட வேண்டும்.

டாக்டர் பிள்ளைகளே, இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். உங்கள் பெயருக்கு மதிப்பு இருக்கிறது. "டாக்டரே போட்டிருக்கிறார்" என்ற ஒரு சொல்லை நம்பி நர்ஸும் கம்பவுண்டரும் ஆட்டோக்காரரும் தங்கள் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். உங்கள் பணம் போனால் இரண்டு ஆண்டில் சம்பாதித்துவிடுவீர்கள். அவர்களால் முடியாது. உங்கள் பெயரும் ஓர் அமானத்தான்.

ஜகாத்துக்கு ஆண்டில் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். கையிருப்பு, வங்கிப் பணம், தங்கம், முதலீடு ஆகியவற்றை அன்று கூட்டி, நிஸாபை எட்டியிருந்தால் இரண்டரை சதவீதம் கொடுங்கள். குடியிருக்கும் வீட்டுக்கும், தொழிலுக்குப் பயன்படும் ஸ்கேன் கருவிக்கும் ஜகாத் இல்லை. கிளினிக்கோடு மருந்துக்கடை இருந்தால், விற்பனைக்கு உள்ள மருந்துக்கு உண்டு. பெண்கள் அணியும் நகை விஷயத்தில் ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளிடையே வேறுபாடு உள்ளதால் உங்கள் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வருமான வரி கட்டியதால் ஜகாத் தீர்ந்தது என்று எண்ண வேண்டாம்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு நோட்டை எடுங்கள். யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும், எந்தச் சொத்து யார் பணத்தில் வாங்கியது, மனைவியின் நகை எத்தனை கிராம் என்று நான்கு பக்கம் எழுதுங்கள். வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். எழுதத் தெரியாமல் தயங்குபவர்கள் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து உதவுகிறோம், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் சம்பாத்தியத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. உங்கள் வீடுகளில் உறவு முறியாமல் காப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.