நோட்டும் போனும் நம்ம கணக்கும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் கணக்காளர் குழுப் பொறுப்பாளர் ஆற்றிய உரை)



என்னை மாற்றத்தைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்சது கணக்கு எழுதுறது மட்டும்தான். அதனால நம்ம குழுக்களோட கணக்காளர்கள் சந்திச்ச மாற்றங்களைச் சொல்றேன். அதுல நான் செஞ்ச ஒரு தப்பையும் சொல்றேன்.

நம்ம பஞ்ச சூத்திரம் எல்லாருக்கும் மனப்பாடம். தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், தவறாத தவணை, சரியான கணக்குப் பதிவு. அஞ்சாவதா வர்ற கணக்கு சரியில்லைன்னா முதல் நாலும் நிக்காது. 1992-ல நபார்டு வங்கி சுயஉதவிக் குழுக்களை வங்கியோட இணைக்கிற திட்டத்தைத் தொடங்கினப்போ, அடமானம் வைக்க நம்மகிட்ட நிலமும் இல்ல, நகையும் இல்ல. நம்ம கூட்டமும் சேமிப்பும் நோட்டுப் புத்தகமும்தான் இருந்துச்சு.

முதல் பெரிய அடி 2016 நவம்பர் 8. ராத்திரி டிவியில 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாதுன்னு சொன்னாங்க. அன்னைக்கு எங்க குழுவுல வசூலான சந்தாப் பணத்துல பாதி 500 ரூபாய்த் தாள். மறுநாளே கூட்டம் போட்டோம். யார் எந்த நோட்டு எத்தனை கொடுத்தாங்கன்னு பேர் பேரா எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, வங்கியில கட்டினோம். "எங்க பணத்தையும் உங்க குழுக் கணக்குல போட்டுக் கொடுங்க"ன்னு வெளியாட்கள் கேட்டாங்க. முடியாதுன்னு தீர்மானம் எழுதினோம். அந்த ஒரு பக்கத் தீர்மானம்தான் அன்னைக்கு எங்களைக் காப்பாத்துச்சு.

ரெண்டாவது 2020 மார்ச். ஊரடங்கு வந்து கூட்டமே போட முடியல. கடன் தவணையைத் தள்ளி வைக்கலாம்னு ரிசர்வ் வங்கி அறிவிச்சுது. முதல்ல மூணு மாசம், அப்புறம் ஆகஸ்ட் 31 வரைக்கும். பல பேர் கடனே தள்ளுபடி ஆயிடுச்சுன்னு நினைச்சுட்டாங்க. தவணைதான் தள்ளிப் போகுது, வட்டி ஓடிக்கிட்டேதான் இருக்கும்னு நம்ம கணக்காளர்கள் ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுச் சொன்னாங்க. கையில காசு இருந்தவங்க கட்டினாங்க, இல்லாதவங்க பொறுத்தாங்க. விவரம் தெரிஞ்சதால யாரும் ஏமாறல.

மூணாவது மாற்றம்தான் எங்களை உடைக்கப் பார்த்துச்சு. நோட்டுல எழுதுற கணக்கைச் செல்போன் செயலியில ஏத்தணும்னு வந்துச்சு. ஒவ்வொரு உறுப்பினரோட சேமிப்பு எவ்வளவு, கடன் பாக்கி எவ்வளவுன்னு ஒரு தேதி வரைக்கும் கணக்கை முடிச்சு, அந்தத் தொகையை ஏத்தின பிறகுதான் அடுத்த கூட்டத்தைப் பதிய முடியும். எனக்கு ஒரே ஆர்வம். பயிற்சி முடிஞ்ச வாரமே, "அடுத்த மாசத்துலேர்ந்து நோட்டு வேண்டாம், போன் போதும்"னு அறிவிச்சேன். யாரையும் கேக்கல.

எங்கள்ல மூத்தவங்க ஒரு அக்கா. பதினெட்டு வருஷமா கணக்கு எழுதுறவங்க. அவங்க ஏத்தினதுல ஒரு பூஜ்யம் கூடிப் போச்சு. 4,500 ரூபாய் கடன் பாக்கி, 45,000 ஆயிடுச்சு. அந்த உறுப்பினர் கூட்டத்துல அழுதுட்டாங்க. "என் பேர்ல யார் கடன் வாங்கினது?"ன்னு கேட்டாங்க. அப்போ நான் எல்லார் முன்னாடியும் அந்த அக்காகிட்ட, "உங்களுக்கு முடியலைன்னா உங்க பொண்ணுகிட்ட கொடுத்திடுங்க"ன்னு சொல்லிட்டேன். அவங்க ஒண்ணும் பேசல. பேரேட்டை என் மேசையில வெச்சுட்டுப் போயிட்டாங்க. அடுத்த ரெண்டு வாரத்துல இன்னும் மூணு பேர் கணக்கு எழுத மாட்டோம்னு சொல்லிட்டாங்க.

நான் அவங்க வீட்டுக்குப் போனேன், மன்னிப்புக் கேட்டேன். அவங்க சொன்னதை மறக்க மாட்டேன்: "நோட்டுல தப்பு வந்தா அடிச்சுட்டு பக்கத்துல கையெழுத்துப் போடுவேன், எல்லாருக்கும் தெரியும். இதுல எங்க தப்பாச்சுன்னே எனக்குத் தெரியல. அதுதான் பயம். வயசு இல்ல."

அப்புறம்தான் கணக்காளர்கள் எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். நான் கம்மியாப் பேசி, அவங்க சொன்னதை எழுதினேன். அன்னைக்கு எடுத்த முடிவுகள் இவைதான்:

ஒன்று, மூன்று மாதம் நோட்டும் போனும் சேர்ந்தே நடக்கும். ரெண்டும் ஒத்துப்போன பிறகுதான் அடுத்த பேச்சு.

இரண்டு, இரண்டு பேர் சேர்ந்து பதிவு செய்யணும். ஒருத்தர் தொகையைப் படிப்பார், ஒருத்தர் ஏத்துவார்.

மூன்று, சேமிக்கும் முன் திரையில் இருப்பதைக் கூட்டத்தில் சத்தமாகப் படிக்கணும். உறுப்பினர் தன் பாஸ் புத்தகத்தைப் பார்த்துச் சரின்னு சொல்லணும்.

நான்கு, தப்பு வந்தால் எழுதி வைக்க ஒரு தனி நோட்டு. அதில் யார் செஞ்சாங்கன்னு பேர் எழுதக் கூடாது. என்ன தப்பு, எப்படிச் சரி செஞ்சோம்னு மட்டும் எழுதணும்.

ஐந்து, பிள்ளைகள்கிட்ட சந்தேகம் கேட்கலாம். ரகசிய எண்ணையும், போனுக்கு வரும் ஓடிபியையும் யாருக்கும் கொடுக்கக் கூடாது.

அந்த அக்கா திரும்பி வந்தாங்க. போன்ல விரல் இன்னும் மெதுவாத்தான் போகுது. ஆனா பழைய பேரேட்டுல கூட்டல் எங்க இடிக்குதுன்னு பார்த்த உடனே சொல்றது அவங்கதான். பேரேட்டுலயே தப்பு இருந்தா போன்லயும் தப்புதானே ஏறும்? இப்போ எந்தக் குழு கணக்கை ஏத்தினாலும், முதல்ல அவங்க பார்த்துக் கொடுக்கணும். விலகின மூணு பேர்ல ரெண்டு பேர் வந்துட்டாங்க. ஒருத்தர் வரல. அது என் கணக்குல இருக்கிற பாக்கி.

இனியும் மாற்றம் வரும். புதுப் படிவம் வரும், புது முறை வரும். வரும்போது பொறுப்புல இருக்கிறவங்களுக்கு நான் சொல்றது இதுதான்: புதுசைச் சொல்லிக் கொடுக்கிறதுக்கு முன்னாடி, பழசைச் செஞ்சவங்ககிட்ட என்ன பயம்னு கேளுங்க. தப்பைக் கூட்டத்துல திருத்துங்க, ஆளைக் கூட்டத்துல திட்டாதீங்க.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். போன்ல ஏறிடுச்சுன்னு சொல்லி பாஸ் புத்தகத்தைப் பரண்மேல போட்டுடாதீங்க. ஒவ்வொரு கூட்டத்துக்கும் கையோட கொண்டு வாங்க. உங்க தொகையைப் படிக்கும்போது காது கொடுத்துக் கேளுங்க. கணக்கு எழுதுறது நாங்க, ஆனா கணக்கு உங்களோடது.