இடாப்பில் நடந்த களவு



தேர்தல் மோசடி என்றதும் நம் நினைவுக்கு வருவது பெட்டிதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, செத்தவர் பேரில் கள்ள வோட்டுப் போடுவது, சீட்டுகளைக் கட்டுக்கட்டாகத் திணிப்பது. இவையெல்லாம் இந்த நாட்டில் நடந்தவைதாம். 1981 யாழ்ப்பாண மாவட்ட சபைத் தேர்தலில் வாக்குப் பெட்டிகள் காணாமற்போயின. 1982 சர்வசன வாக்கெடுப்பின் முறைகேடுகளைத் தேர்தல் ஆணையாளரே பின்னர் அறிக்கையாக எழுதினார். 1999 வடமேல் மாகாண சபைத் தேர்தலுக்குப் பிறகு 'வயம்ப' என்றாலே மோசடி என்று பொருளாயிற்று. இவற்றைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. ஆனால் மலையகத்தின் தேர்தல் வரலாற்றைப் பெட்டியிலிருந்து தொடங்கினால், தொலைத்த இடத்தை விட்டுவிட்டு வேறிடத்தில் தேடுகிறவர்களாவோம். இங்கே பெரிய களவு வாக்காளர் இடாப்பில் நடந்தது. அதுவும் பட்டப்பகலில், சட்டமியற்றி.

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோதே இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளிக்குத் தனி நிபந்தனைகள் இருந்தன. அவற்றையும் தாண்டி 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் எஸ். தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, நம் பதுளையில் எஸ். எம். சுப்பையா. வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்கு இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தது. மறு ஆண்டே, அவர்களில் பெரும்பாலோரைப் பிரஜையல்லாதார் ஆக்கிய 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டமும், பிரஜையல்லாதார் பேரை இடாப்பிலிருந்து நீக்கும் தேர்தல் திருத்தச் சட்டமும் தொடர்ந்தன. 1948இல் எதிர்த்துப் பேசிய தமிழ்த் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம், அமைச்சரானபின் வதிவோர் சட்டத்துக்குக் கைதூக்கினார் என்பதையும் நாம் மறைக்கத் தேவையில்லை. 1952 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் இல்லை. அதற்காக ஒரு பெட்டியின் பூட்டையும் எவரும் உடைக்க வேண்டியிருக்கவில்லை.

பேரைத் திரும்பச் சேர்க்க வழி இருந்ததே என்பார்கள். வதிவோர் சட்டம் தந்த அந்த வழியைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும். 1946 ஜனவரி 1க்கு முன்னர் மணமானவர் ஏழு ஆண்டுகள், மணமாகாதவர் பத்து ஆண்டுகள் இடைவிடாமல் இலங்கையில் வாழ்ந்ததாக எழுத்தில் நிறுவ வேண்டும். தாய் தகப்பனைப் பார்க்க இந்தியா போய் ஓராண்டுக்குமேல் தங்கியிருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்தது. லயத்துக் காம்பராவில் பிறந்து, எழுத்து வாசனையின்றி வளர்ந்த ஒருவருக்கு ஆதாரம் எது? தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோல். அது இருப்பதோ துரையின் கந்தோரில். ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின; பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு.

யார் பிரஜை என்று தீர்மானிப்பது எந்த நாட்டுக்கும் உள்ள உரிமையல்லவா என்பது வலுவான ஆட்சேபம். இந்தச் சட்டங்களை எதிர்த்த கோடாக்கன்பிள்ளை வழக்கில் 1953இல் இங்கிலாந்தின் பிரிவிக் கவுன்சிலும் அதைத்தான் சொன்னது. அந்த உரிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் இவர்கள் வாசலில் நின்று உள்ளே விடச் சொன்னவர்களல்லர். ஏற்கெனவே இடாப்பில் இருந்து வாக்களித்தவர்கள். அதைவிடப் பெரிய சான்று தொகுதிக் கணக்கில் இருக்கிறது. 1946 எல்லை நிர்ணயம் மாகாணத்தில் 75,000 பேருக்கு ஓர் ஆசனம், 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனம் என்று வகுத்தது. அந்தத் தலைக்கணக்கில் தோட்டத்து மக்களும் அடக்கம். அதே வரைபடத்தில்தான் 1952, 1956 தேர்தல்களும் நடந்தன. ஆசனத்தை உண்டாக்கத் தொழிலாளியின் தலை வேண்டியிருந்தது. ஆளைத் தெரிவுசெய்ய அவர் கை வேண்டியிருக்கவில்லை. அந்நியர் என்றால் தலையையும் எண்ணியிருக்கக் கூடாது. எண்ணிவிட்டுக் கையைக் கட்டியதை மோசடி என்னாமல் வேறென்ன சொல்வது? சட்டப்படி நடந்தது என்பது விடையாகாது. தேர்தல் மனுவைத் தாக்கல்செய்யும் தகுதிகூட வாக்குரிமை உள்ளவருக்கும் வேட்பாளருக்குமே உண்டு. பேர் வெட்டப்பட்டவர் தேர்தல் மனுவோடு வழக்குமன்றப் படியை மிதிக்க முடியாது.

பிரஜாவுரிமை வழங்கிய 1988, 2003 சட்டங்களோடு நாடற்றவர் கதை முடிந்ததே, பழையதை ஏன் கிளற வேண்டும் என்றும் கேட்கலாம். பேர் இடாப்புக்குத் திரும்பிவிட்டது உண்மை. முறை மட்டும் மாறவில்லை. ஊவா மாகாண சபையில் 2009இல் பதுளைக்கு 21, மொனராகலைக்கு 11 ஆசனங்கள். 2014இல் அது 18, 14 ஆயிற்று. பதுளையிலோ மொனராகலையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு வாக்காளர். பசறையிலும் ஹாலிஎலயிலும் அன்று கண்காணிப்பாளர்கள் வாக்குச்சாவடி வாசலில் நின்றிருக்கலாம். ஆசனக் கணக்கு எழுதிய மேசைக்குப் பக்கத்தில் அவர்களுக்கு இடமில்லை.

பிறகு வந்தது இன்னும் எளிதான வழி. 2017இல் மாகாண சபைத் தேர்தல் முறையைத் திருத்தினார்கள். புதிய எல்லை நிர்ணயம் வேண்டும் என்றார்கள். 2018 ஆகஸ்ட்டில் அந்த அறிக்கையை நாடாளுமன்றம் 139 வாக்குகளால் நிராகரித்தது. ஆதரித்து ஒரு வாக்கும் விழவில்லை. பழைய முறையும் போயிற்று, புதியதும் வரவில்லை. 2019இல் ஊவா சபையின் காலம் முடிந்து, நிர்வாகம் ஆளுநரிடம் போனது. நடக்காத தேர்தலை எதிர்த்துத் தேர்தல் மனுத் தாக்கல்செய்ய முடியாது. ஊவா மக்கள் தங்கள் மாகாண சபைக்கு வாக்களித்த கடைசி நாள் 2014 செப்டெம்பர் 20.