நடப்பவர்க்கு உரிய காடு



‘நிலமும் கவிதையும்’ என்னும் பொருளில் உரையாற்றுமாறு பணித்தீர்கள். ஐந்திணையை எடுத்துக்கொண்டு முதல், கரு, உரி என வகுத்துரைத்து அமர்ந்துவிடுதல் தமிழ் கற்பிப்போர்க்கு எளிது. இன்று வேறொரு வழியில் செல்ல விழைகின்றேன். ஒரு மாநகரின் ஓரத்தில் உள்ள காடுகளையும் அவற்றினுள் செல்லும் எளிய நடைத்தடங்களையும் பற்றிச் சொல்லி, அவற்றின் வழியே கவிதைக்கு வருகின்றேன். அம்மாநகர் அமெரிக்காவின் சிகாகோ.

சிகாகோ எதற்கு என நீங்கள் வினவலாம். குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து, ‘அக நிலக்காட்சி’ எனப் பொருள்படும் தலைப்பில் 1967-இல் வெளியிட்ட ஏ. கே. இராமானுஜன் அந்நகர்ப் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ முப்பதாண்டுகள் பணியாற்றியவர். 1993-இல் அங்கேயே மறைந்தவர். திணை என்னும் கோட்பாடு பிறமொழிக் கவிஞர் பலரைச் சென்றடைந்தது அவரது மொழிபெயர்ப்பால். நம் திணையை உலகிற்கு உரைத்தவர் வாழ்ந்த ஊரின் நிலம் எத்திணையைச் சாரும் என்னும் வினாவுடன் அக்காடுகளில் நான் நடந்திருக்கிறேன்.

சிகாகோ என்னும் பெயரே ஒரு கருப்பொருளின் பெயராகும். அங்கு வாழ்ந்த தொல்குடியினர் ஒருவகைக் காட்டுப் பூண்டிற்கு வழங்கிய சொல், பிரெஞ்சுக்காரர் நாவில் திரிந்து ஊர்ப்பெயராயிற்று. வேற்காடு, ஆலங்காடு, மாங்காடு என நம் ஊர்கள் பெயர்பெற்ற முறையும் இதுவே. நம் ஊர்ப்பெயர்களில் உள்ள காட்டை இன்று தேடித்தான் காண வேண்டும். சிகாகோவின் விளிம்பிலோ அப்பூண்டு இளவேனிலில் இன்றும் இலைவிடுகின்றது. அது தற்செயலாய் நிகழ்ந்தது அன்று.

சிகாகோ நகரை உள்ளடக்கிய குக் கவுண்டி என்னும் மாவட்டத்தில் ஏறத்தாழ 70,000 ஏக்கர் நிலம் பொதுமக்களுக்குரிய காடாகக் காக்கப்பட்டு வருகின்றது. மாவட்டப் பரப்பில் இது பத்தில் ஒரு பங்கிற்கும் மிகுதி. ‘காப்புக் காடு’ என்றதும் நம் நினைவில் எழுவது 1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டமும், அனுமதியின்றி நுழையலாகாது என்னும் அறிவிப்புப் பலகையுமே. அங்கோ 1913-இல் இயற்றப்பட்ட சட்டம் வேறொரு நோக்கைச் சொல்கின்றது. காட்டையும் அதன் உயிர்களையும் இயற்கை நிலையில் காக்க வேண்டும். அதுவும் மக்களின் கல்விக்காகவும் மகிழ்ச்சிக்காகவும் காக்க வேண்டும் என்பது அதன் சாரம். காடும் வேண்டும், அதில் மக்களும் நடக்க வேண்டும் என்னும் இவ்விரட்டை நோக்கிலிருந்து பிறந்தவையே நான் குறிப்பிடும் நடைத்தடங்கள்.

இவை மலையேறுவோர்க்குரிய வழிகள் அல்ல. நிலம் பெரும்பாலும் சமவெளி. தென்மேற்கே பேலோஸ் என்னும் பகுதியில் மட்டும், பழம் பனிப்பாளங்கள் உருகியபோது விட்டுச்சென்ற மேடுகளும் பள்ளங்களும் உள்ளன. அங்கே ‘ஸ்வாலோ கிளிஃப்’ என்னுமிடத்தில் 125 சுண்ணாம்புக்கற் படிகள் இருக்கின்றன. 1930-களின் பொருளாதார வீழ்ச்சியின்போது, அரசு அமைத்த பணிப்படையைச் சேர்ந்த வேலையற்ற இளைஞர்கள் கட்டியவை அவை. அண்மையில் ‘சிறிய சிவப்புப் பள்ளிக்கூடம்’ எனப் பெயரிய இயற்கை நிலையம் உண்டு. 1886-இல் எழுந்த ஓரறைப் பள்ளிக் கட்டடம் அது. அதைச் சுற்றியுள்ள தடங்களுள் மிகச் சிறியது ஏறத்தாழ கால் மைல். நீண்டதும் இரண்டு மைலைத் தாண்டாது. ஒன்றன் பெயர் வெள்ளை ஓக் தடம். மற்றொன்றன் பெயர் கறுப்பு ஓக் தடம். மரத்தின் பெயரே வழியின் பெயராதலால், நடக்கும் குழந்தை எது வெள்ளை, எது கறுப்பு எனக் கேளாமல் இராது. கைத்தடி ஊன்றிய முதியவரும் அக்குழந்தையும் ஒரே வழியில் நடக்கலாம்.

இத்தகைய எளிய தடங்களை இயற்கையின் சிறுவர் பதிப்பு எனச் சிலர் எண்ணுவர். உண்மையான காடு தொலைவில், மலைமுகட்டில் இருக்கிறது என்பது அவர்தம் கருத்து. எனக்கு அது உடன்பாடன்று. இக்காட்டைக் காத்தவை எளிய நடைகளே என்பதற்கு வரலாறு சான்றாகின்றது.

1908-இல் சிகாகோவில் ‘சனிக்கிழமைப் பிற்பகல் நடைகள்’ தொடங்கின. டென்மார்க்கில் பிறந்து அந்நகரில் குடியேறிய நிலவடிவமைப்பாளர் யென்ஸ் யென்சனும், கட்டடக் கலைஞர் டுவைட் பெர்க்கின்ஸும் இம்முயற்சியில் முன்னின்றவர்கள். வார முழுதும் நகரில் உழைத்தவர்கள் அரைநாள் விடுப்பில் புறநகர்க்குச் சென்று நடந்தார்கள். எந்த நிலம் விலைபோக இருக்கிறது என்பதைத் தம் கால்களால் அறிந்தார்கள். அந்நடைகளிலிருந்து 1911-இல் ‘பிரெய்ரி சங்கம்’ உருவாயிற்று. முந்தைய சட்டமொன்றை நீதிமன்றம் செல்லாதெனத் தள்ளிய பின்னரும் முயற்சி ஓயவில்லை. 1913-இல் புதிய சட்டம் வந்தது. 1914-இல் மக்கள் வாக்களித்து அதனை ஏற்றனர். 1916-இல் முதல் காட்டு நிலம் வாங்கப்பட்டது. கவிதைக்கென்றே ‘பொயட்ரி’ என்னும் இதழை ஹேரியட் மன்றோ அம்மையார் அதே நகரில் தொடங்கியது 1912-இல் என்பதைக் கவிஞர்கள் நினைவிற்கொள்வது தகும். ஒரு நகரம் தன் சொல்லையும் தன் மண்ணையும் ஒரே காலத்தில் பேணத் தலைப்பட்டது.

எனினும் வேலி போட்டு விட்டுவிட்டால் காடு பிழைத்துக்கொள்ளும் என்று எண்ணியது பின்னர்ப் பிழையாயிற்று. அந்நிலத்தின் தலையாய மரம் ஓக். இளம் ஓக் கன்றிற்கு வெயில் வேண்டும். பொட்டவாட்டமி முதலான தொல்குடியினர் காலந்தோறும் தரைத்தீ இட்டுப் புதர்களைக் கட்டுக்குள் வைத்திருந்தனர். தடித்த பட்டையுடைய ஓக் அத்தீயைத் தாங்கும், மற்றவை கருகும். 1833-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அம்மக்கள் தம் நிலத்தை இழந்து அகற்றப்பட்டனர். தீயும் அவர்களோடு போயிற்று. ஐரோப்பாவிலிருந்து வேலிச்செடியாகக் கொணரப்பட்ட ‘பக்தார்ன்’ காட்டினுள் புகுந்து அடர்ந்தது. பெருமரங்கள் நின்றன, அவற்றின் அடியில் கன்றுகள் இல்லை.

1977-இல் ஸ்டீபன் பேக்கார்டு என்பவரும் தன்னார்வலர் சிலரும் வடபகுதிக் காடுகளில் களையகற்றி, விதை சேர்த்துத் தூவும் பணியைத் தொடங்கினர். பணி பெருகியது. எதிர்ப்பும் பெருகியது. அண்டையில் வாழ்ந்த மக்கள் பலர், தாம் நாள்தோறும் கண்டு மகிழ்ந்த பசுமை வெட்டப்படுவதையும் எரிக்கப்படுவதையும் கண்டு கொதித்தெழுந்தனர். 1996-இல் மாவட்ட நிர்வாகம் மீட்புப் பணிகளுக்குத் தடை விதித்தது. பின்னர்ப் படிப்படியாகவே அத்தடை விலக்கப்பட்டது.

இச்சச்சரவில் இரு தரப்பாரும் காட்டை நேசித்தவர்களே. ஒருவர் கண்ணுக்கு அது ‘பசுமை’. மற்றவர் கண்ணுக்கு அது ஓக், பக்தார்ன், ட்ரில்லியம் எனத் தனித்தனி உயிர்கள். பெயரறியாத அன்பு, காட்டை நெரிக்கும் செடியையும் காடென்றே காத்துநிற்கும். பெயரறிந்தவரோ, தாம் அறிந்ததைப் பிறர்க்கு முன்னரே எடுத்துரைக்கத் தவறினால், அவரது நற்செயலும் கொடுமையாகவே தோன்றும். இவ்விரு குறைகளுக்கும் மருந்து எளிய தடத்தில் சேர்ந்து நடப்பதே. மீட்புப் பணி இன்று அக்காடுகளில் நடைபெறுகின்றது. 30,000 ஏக்கரை மீட்பது என்னும் இலக்கு 2014-இல் வகுக்கப்பட்டது. 2022-இல் காடுகளுக்காகக் கூடுதல் வரி செலுத்த ஒப்புகிறீர்களா என மக்களிடம் வாக்குக் கேட்கப்பட்டபோது பெரும்பான்மையோர் ஒப்பினர். ஒருநாளும் காட்டிற்குள் நடவாதவர் அதற்கு வரி செலுத்த இசைவரோ?

இனிக் கவிதைக்கு வருகின்றேன். நம் இன்றைய கவிதைகளில் ‘பெயர் தெரியாத பூ’, ‘ஏதோ ஒரு பறவை’ என்னும் தொடர்கள் மிகுந்து வருவதை நீங்கள் அறிவீர்கள். அந்த மயக்கத்திற்கும் ஓரழகு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சங்கப் புலவர்க்குக் கருப்பொருள் அணியன்று, அறிவு. முல்லை பூத்தது என்றால் கார் வந்தது. கார் வந்தது என்றால் தலைவன் வரவேண்டும். பெயரை எடுத்துவிட்டால் காலமும் போகும். காலம் போனால் ஏக்கமும் பொருளிழக்கும். சிகாகோக் காட்டில் ட்ரில்லியம் பூப்பது மரங்கள் முழுதும் தழைத்து நிழலை மூடுவதற்கு முந்திய சில வாரங்களில். அப்பெயரை அறிந்தவர்க்கே அக்குறுகிய காலத்தின் அருமை விளங்கும்.

என் வினாவிற்கு நான் கண்ட விடை இது. மரங்கள் விலகி நிற்க, இடையே புல் விரிந்து, மான் மேயும் அந்த ஓக் நிலம் முல்லையே. முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல், காத்திருத்தல். இன்று அங்கே விதைதூவும் தன்னார்வலர் அது பெருமரமாவதைக் காணப்போவதில்லை. காணாததற்காகக் காத்திருக்கும் அம்மனத்தை நம் முல்லைத்தலைவி அறிவாள்.

பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்விலக்கிய வட்டத்திற்கு ஒரு வேண்டுகோள். திங்கள் ஒருமுறை கூடும் கூட்டங்களுள் ஆண்டிற்கு நான்கையேனும் அரங்கிற்கு வெளியே நடத்துங்கள். ஏரிக்கரையோ, குன்றடியோ, கோயில் நந்தவனமோ, முதியோரும் நடக்கத்தக்க ஒருமைல் வழி போதும். செடிகளின் பெயரறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் புலவராக இருக்க வேண்டுவதில்லை, ஆடு மேய்ப்பவராக இருப்பின் மிக நன்று. அன்று கவிதை படிக்க வேண்டா. கேட்டறிந்த பெயர்களை மட்டும் குறித்துக்கொண்டு வீடு திரும்புங்கள்.