விமானம் ஏறுமுன் வீட்டுக் கணக்கு

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு)



நாற்றங்கால் சரியாக அமையாவிட்டால் நடவு வயலில் எவ்வளவு உரம் போட்டாலும் பயிர் தேறாது. இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெளிநாட்டு வேலைக்குப் போகிற பயணமும் அப்படித்தான். வீட்டை விட்டுக் கிளம்புமுன் செய்ய வேண்டியதைச் செய்யாமல் போனால், அக்கரையில் எத்தனை வருஷம் பாடுபட்டாலும் ஈடுகட்ட முடியாது. நம் பக்கத்துக் கிராமங்களில் வளைகுடா நாடுகளுக்கு ஆள் போகாத தெரு இல்லை. அதனால்தான் இன்றைக்கு இதைப் பேச வந்தேன்.

நானும் ஆறு மா நிலம் வைத்திருக்கிற விவசாயிதான். 1996-ம் ஆண்டு சம்பா அறுப்பு முடிந்த கையோடு மஸ்கட்டுக்குக் கட்டட வேலைக்குப் போனேன். வழிச் செலவுக்கு என் சம்சாரத்தின் ஏழு பவுன் நகையை அடகு வைத்தேன். அடகுச் சீட்டை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பத்திரமாகப் பூட்டினேன். சாவி என்னோடு மஸ்கட்டுக்கு வந்துவிட்டது! ஒரு வருஷம் கழித்து என் பெயருக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. "அவங்க வந்து பாத்துக்குவாங்க" என்று வீட்டில் எரவாணத்தில் செருகி வைத்துவிட்டார்கள். அது ஏல நோட்டீஸ். மாதாமாதம் நான் பணம் அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன். பணம் இருந்தது, தவணைத் தேதி வீட்டில் தெரியவில்லை. நகை போய்விட்டது. குற்றம் அடகு பிடித்தவர் மேலும் இல்லை, வீட்டில் இருந்தவர்கள் மேலும் இல்லை. சொல்லாமல் போன என் மேல்தான்.

சரி, இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, உங்களை அனுப்புகிறவர் யார்? வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பதற்கு 1983-ம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் இருக்கிறது. அதன்படி மத்திய அரசிடம் பதிவு செய்துகொண்ட ஏஜெண்டுகள்தான் ஆள் எடுக்கலாம். பதிவு பெற்றவர்கள் பட்டியல் இ-மைக்ரேட் என்ற அரசு இணையதளத்தில் இருக்கிறது. படித்த பிள்ளையை விட்டுச் செல்போனிலேயே பார்க்கச் சொல்லலாம். டீக்கடையில் வந்து உட்கார்ந்து "நாலு விசா கையில இருக்கு, நாளைக்கே பணம் கட்டணும்" என்று அவசரப்படுத்துகிறவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழ்நாடு அரசே 1978-ல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இருக்கிறது. அங்கேயும் பதிந்து வைக்கலாம்.

பதிவு பெற்ற ஏஜெண்டு தம் சேவைக்காக வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாய். அதன் மேல் 18 சதவீத வரி 5,400. ஆக மொத்தம் 35,400 ரூபாய். அதற்கு ரசீது கொடுக்க வேண்டும். நம் ஊரிலே என்ன நடக்கிறது? மூன்று லட்சத்தை மூன்று வட்டிக்கு வாங்கி, ரசீது இல்லாமல் கொடுக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 9,000 ரூபாய் வட்டிக்கே போகும், வருஷத்துக்கு 1,08,000. முதல் அப்படியே நிற்கும். இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் போகிறவர் யாருக்காக உழைக்கிறார்?

இன்னொன்று. வளைகுடா நாட்டு வேலைக்கு மருத்துவச் சோதனையில் தேற வேண்டும். அதில் தேறுமுன் நிலத்தையோ நகையையோ அடகு வைக்காதீர்கள்.

இரண்டாவது, பாஸ்போர்ட்டும் விசாவும். பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி மூன்றும் மற்றக் காகிதங்களோடு ஒத்திருக்க வேண்டும். காலாவதி ஆக ஆறு மாதத்துக்கு மேல் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்குப் பொதுவாக ஈ.சி.ஆர். என்று குறித்த பாஸ்போர்ட் கொடுப்பார்கள். அந்தப் பாஸ்போர்ட்டில் சவூதி, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், ஐக்கிய அரபு நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால், குடிபெயர்வோர் பாதுகாவலரிடம் அனுமதி பெற்றாக வேண்டும். அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது. "அதெல்லாம் வேண்டாம், விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்கிறவர் உங்களைப் பள்ளத்தில் தள்ளுகிறார் என்று அர்த்தம். விசிட் விசா சுற்றிப் பார்க்க வருகிறவருக்கு. அதை வைத்து வேலை செய்தால் சட்ட விரோதம். சம்பளம் கொடுக்காவிட்டால் வழக்குச் சொல்லக்கூட வாய் இருக்காது.

முறைப்படி போகிறவருக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடும் உண்டு. இரண்டு வருஷத்துக்குப் பிரீமியம் 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் உயிர் போனாலோ, நிரந்தரமாக ஊனமடைந்தாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். சுபகாரியமாகக் கிளம்பும்போது இதைப் பேசலாமா என்று நினைக்காதீர்கள். 2024 ஜூன் 12-ம் தேதி குவைத்தில் மங்காஃப் என்ற இடத்தில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடம் தீப்பிடித்ததில் குறைந்தது 45 இந்தியர்கள் இறந்தார்கள். அவர்களில் 7 பேர் நம் தமிழ்நாட்டுக்காரர்கள். பாலிசியின் நகல் வீட்டில் இருக்க வேண்டும். அதில் வாரிசு பெயர் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வேலை ஒப்பந்தம். முதலாளி பெயர், வேலை, மாதச் சம்பளம், வேலை நேரம், ஓவர்டைம், சாப்பாடு, தங்குமிடம், திரும்பி வர டிக்கெட் யார் செலவு, இவையெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். தெரியாத பாஷையில் இருந்தால் தெரிந்தவரை வைத்துப் படித்துக் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். தோட்ட வேலை என்று சொல்லிப் பாலைவனத்தில் ஒட்டகம் மேய்க்க விட்ட கதைகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

நான்காவது, நிலம். நம் ஆட்கள் பெட்டியை நாலு முறை சரிபார்ப்பார்கள். பட்டாவை ஒரு முறைகூடப் பார்க்க மாட்டார்கள். நிலம் இன்னும் காலமான தகப்பனார் பெயரிலோ, கூட்டுப் பட்டாவிலோ இருந்தால், கிளம்புமுன் பெயர் மாற்றி, உட்பிரிவு செய்துகொள்ளுங்கள். அங்கே போன பிறகு ஒரு கையெழுத்துக்காக விடுப்புக் கேட்டு நிற்க வேண்டி வரும்.

பவர் எழுதிக் கொடுப்பதில் மிகவும் கவனம் வேண்டும். வரி கட்ட, கடன் புதுப்பிக்க, பயிர்க் காப்பீடு செய்ய என்று எந்தெந்த வேலைக்கோ அதை மட்டும் குறிப்பிட்டு எழுதுங்கள். விற்கவும் அடகு வைக்கவும் சேர்த்துப் பொதுப் பவர் கொடுத்துவிட்டு, நிலத்தைத் தேடி வருகிறவர்கள் உண்டு. குத்தகைக்கோ வாரத்துக்கோ விட்டால் எத்தனை போகம், எத்தனை மூட்டை, மோட்டார் பழுதானால் யார் செலவு என்பதையும் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று. வேலைக்காக வெளிநாடு போய்விட்டவர் தம் பெயரில் விவசாய நிலம் கிரயம் வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. முன்பே இருக்கிற நிலத்தை வைத்துக்கொள்ளலாம். வாரிசாக வருவதையும் பெறலாம். பக்கத்து வயலை வாங்குகிற எண்ணம் இருந்தால் போகுமுன்பே விசாரித்து முடிவு செய்யுங்கள். வங்கிக்கும் போய், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்ப என்.ஆர்.இ. கணக்கு பற்றிக் கேளுங்கள்.

ஐந்தாவது, பெட்டி. தாய்மார்களே, இது உங்களுக்கு. குருமாவுக்கு ஆகட்டும் என்று மசாலாப் பொட்டலத்தோடு கசகசாவை வைத்துவிடாதீர்கள். நமக்கு அது சமையல் சாமான். சவூதியிலும் அரபு நாடுகளிலும் அது போதைப் பொருள் கணக்கு. ஜெயிலுக்குப் போக வேண்டி வரும். சில வலி மாத்திரைகளும் இருமல் மருந்துகளும்கூட அப்படித்தான். மருந்து எடுத்துப் போவதென்றால் டாக்டர் சீட்டு வேண்டும். அந்த நாட்டில் அதற்கு அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஊர்க்காரர் கொடுத்தார், மாமன் மகன் கொடுத்தான் என்று பிரித்துப் பார்க்காத பொட்டலம் எதையும் வாங்காதீர்கள்.

கடைசியாக, காகிதங்களை இரண்டு கட்டாகக் கட்டுங்கள். ஒன்று பயணத்துக்கு. பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், பாலிசி எல்லாவற்றின் நகலும் அடங்கிய மற்றொன்று வீட்டுக்கு. அந்த வீட்டுக் கட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டும் இருக்கட்டும். கம்பெனியின் முகவரி, போன் எண், அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் எண், கூட்டுறவுச் சங்கக் கடன் எவ்வளவு, நகை எங்கே இருக்கிறது, தவணை எந்தத் தேதி, யாருக்கு நாம் தர வேண்டும், யார் நமக்குத் தர வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதி, ஒரு நாள் சாயங்காலம் குடும்பத்தோடு உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். பெட்டிச் சாவியை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்!

உழுகிற நாளில் ஊர் சுற்றப் போனால் அறுக்கிற நாளில் ஆள் தேவையில்லை என்பார்கள். வெளியூர்ப் பயணத்துக்கு உழவு நாள் என்பது கிளம்புவதற்கு முந்தின இரண்டு மாதம்தான். 2002-ல் நான் திரும்பி வந்து, ஏழு பவுனுக்குப் பதிலாக நாலு பவுன் வாங்கிப் போட்டேன். என் சம்சாரம் வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஒரு தபால் வந்தால், என்னைக் கேட்காமலே முதலில் பிரித்துப் படித்துவிடுவாள். அந்தப் பழக்கம் உங்கள் வீட்டிலும் இன்றைக்கே தொடங்கட்டும்.