கோயிஞ்சு மக்களும் அவர் மொழியும்



இமயமலை என்றதும் நம் எண்ணம் அதன் சிகரங்களையே நாடும். அச்சிகரங்களுக்குக் கீழே, கிழக்கு நேபாளத்தின் இராமேச்சாப்பு, ஓக்கல்துங்கா மாவட்டங்களில், லிக்கு, கிம்தி என்னும் ஆறுகள் பாயும் மலைச்சரிவுகளில் வாழ்வோர் சுனுவார் மக்கள். அவர்தம் மொழியைப் பற்றியே இன்று பேசக் கருதுகின்றேன்.

சுனுவார் என்பது பிறர் வழங்கும் பெயர். சுன்கோசி ஆற்றின் பெயரை ஒட்டி எழுந்தது என்பர். பெயரொலியால் மயங்கி, இவர்களைப் பொற்கொல்லராகிய சுனார் வகுப்பினர் எனக் கொள்வாரும் உளர், அது பொருந்தாது. அம்மக்களோ தம்மைக் கோயிஞ்சு என்றும், தம் மொழியைக் கோயிஞ்சு லோ என்றுமே கூறுவர். 'லோ' என்பது மொழி.

நேபாளி வடமொழியின் இனம். கோயிஞ்சு லோ அவ்வினத்ததன்று. சீன-திபெத்தியக் குடும்பத்துள் கிராந்திக் கிளையைச் சார்ந்தது. இருவர் வரினும் இருபதின்மர் வரினும் நாம் 'வந்தனர்' என்றே முடிப்போம். அங்கே இருவர்க்கெனத் தனி வினைமுடிபு உண்டு. நம்மிற் பலர் வடமொழி இலக்கண நூலில் மட்டுமே கண்ட இருமை எண், அம்மலைவாழ் குடியானவர் நாவில் இன்றும் இயல்பாக வழங்குகின்றது.

நெடுங்காலம் வாய்மொழியாகவே வாழ்ந்த இம்மொழிக்கு, 1942ஆம் ஆண்டில் கிருஷ்ண பகதூர் ஜெந்திச்சா என்பார் 33 எழுத்துக்கள் கொண்ட தனி நெடுங்கணக்கை அமைத்தார். அரிய செயல். ஆனால் 1960 முதல் 1990 வரை நிலவிய பஞ்சாயத்து ஆட்சியில் பாடசாலை மொழி நேபாளி ஒன்றே. வீட்டிற் பேசிய மொழியை வாயிலில் விட்டுவிட்டே பிள்ளை வகுப்பறைக்குள் நுழைந்தது. 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பைப் பாருங்கள். சுனுவார் இனத்தவர் 55,712 பேர். அம்மொழியைத் தாய்மொழியாகக் கூறியோர் 37,898 பேர். ஏறத்தாழ மூவரில் ஒருவரிடத்து அது மறைந்துவிட்டது. ஆசிரியத் தொழிலில் நரைத்த எனக்கு இவ்விலக்கங்கள் வெறும் கணக்காகத் தோன்றவில்லை.

2015ஆம் ஆண்டு அரசியலமைப்பு, நேபாளத்திற் பேசப்படும் தாய்மொழிகள் அனைத்தையும் தேசிய மொழிகள் என்றது. மத்திய அரசின் அலுவல் மொழியாக நேபாளியே நிற்கின்றது. இந்தியாவின் சிக்கிம் மாநிலத்திலோ, முக்கியா எனப்படும் சுனுவார் மக்களின் மொழி அரசகரும மொழிகளுள் ஒன்று. அங்கு ஜெந்திச்சா எழுத்து வழங்க, நேபாளத்திலே தேவநாகரியே பெரிதும் வழங்குகின்றது. ஒரே மொழிக் குழந்தைக்கு எல்லைக்கு இப்பால் ஓர் அரிச்சுவடி, அப்பால் வேறோர் அரிச்சுவடி! 2024ஆம் ஆண்டில் ஜெந்திச்சா எழுத்து, கணினி எழுத்துக்களுக்குரிய யூனிகோடு தரத்தில் இடம்பெற்றது. எழுத்துக்குக் கணினியில் இடம் கிடைத்துவிட்டது. இராமேச்சாப்புப் பாடசாலைகளின் கரும்பலகையில் அவ்விடம் இன்னும் நேபாளிக்கே பெரிதும் உரியது.