எழுத்துருவை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

(நெய்வேலியில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் கணினி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

என் தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நம் ஊர்ச் சுரங்கத்தைப் பற்றி ஒரு வலைப்பக்கம் செய்தார்கள். மேல்மண் அகற்றுவது, பழுப்பு நிலக்கரிப் படுகை, அதற்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இறைப்பது என்று நல்ல செய்திகள். பாதிப் பாடம் நான் பல ஆண்டுகளுக்கு முன் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்தது. அதை அப்படியே ஒட்டச் சொன்னேன். திரையில் அழகாகத்தான் இருந்தது.

வகுப்பில் பார்வையற்ற மாணவி ஒருத்தி. திரைவாசிப்பான் வழியாகப் படிப்பவள். "சார், எதுவும் தமிழா இல்லையே" என்றாள். அவள் காதில் விழுந்தது எம், கே, செமிகோலன், கே, எச். பாமினியில் 'அம்மா' என்ற சொல் கோப்பில் இருப்பது அப்படித்தான். தமிழ் என்பது அந்த எழுத்துரு போட்ட வேடம். வேடத்தைக் கலைத்தால் உள்ளே ஆங்கில எழுத்துகள். யூனிகோடில் அப்படி இல்லை. அங்கே 'அ' எந்த எழுத்துருவிலும் 'அ'தான். 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. தமிழக அரசும் 2010இல் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் நம் வினாத்தாள்களில் எத்தனை இன்னும் பழைய எழுத்துருவில் கிடக்கின்றன என்று உங்களுக்கே தெரியும்.

மாற்றியில் போட்டு யூனிகோடாக்கினோம். பிறகும் அவளுக்குச் சிரமம். எச் விசையை அழுத்தினால் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம். எங்கள் பக்கத்தில் தாவ இடமே இல்லை. பிள்ளைகள் தலைப்பைத் தலைப்பென்று குறிக்கவில்லை. எழுத்தைப் பெரிதாக்கி, தடிமனாக்கி, சிவப்பு பூசியிருந்தார்கள். கண்ணுக்கு அது தலைப்பு. கணினிக்கு வெறும் பெரிய எழுத்து.

சி.எஸ்.எஸ். பாடத்தை நாம் வண்ணம் பூசும் பாடமாக நடத்துகிறோம். ஹோகோன் வியூம் லீ 1994இல் அதை முன்மொழிந்தபோதும், 1996 டிசம்பரில் அது தரமானபோதும் நோக்கம் வேறு: 'இது தலைப்பு, இது பத்தி' என்பதை எச்.டி.எம்.எல். சொல்லட்டும், எப்படித் தெரிய வேண்டும் என்பதைத் தனிக் கோப்பு சொல்லட்டும். எங்கள் பக்கங்களில் சிவப்பு நிறம் நாற்பது இடங்களில் எழுதப்பட்டிருந்தது. பிரித்த பிறகு ஒரே வரி. அச்சுக்குத் தனி விதி, மங்கலான பார்வை உள்ளவர்களுக்குப் பெரிய எழுத்து, எல்லாம் பாடத்தைத் தொடாமலே முடிந்தன.

வகுப்பில் செய்து பார்க்க எளிய சோதனை உண்டு. தோற்றக் கோப்புக்கான இணைப்பு வரியை நீக்கிவிட்டுப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். அழகு போகும், போகட்டும். தலைப்பு, பத்தி, பட்டியல் வரிசை குலையாமல் இருந்தால் மதிப்பெண் போடுங்கள். நான் இப்போது வண்ணத்துக்கு மதிப்பெண்ணே வைப்பதில்லை. பிள்ளைகளுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

திருத்திய பக்கத்தை அந்த மாணவியிடம் கொடுத்தோம். எச் விசையை மூன்று முறை தட்டி 'ஊற்றுநீர்' பகுதிக்குப் போனாள், முழுக்கக் கேட்டாள். பிறகு, "சார், இங்க ஒரு படம்னு சொல்லுது, என்ன படம்?" என்றாள். சுரங்கத்தில் மண் வெட்டும் சக்கர இயந்திரத்தின் படம் அது. அதற்கு நாங்கள் ஒரு சொல்கூட எழுதி வைக்கவில்லை.