மலர்ப் பள்ளத்தாக்கில் ஒரு நாள்



உத்தராகண்ட மாநிலத்து மலர்ப் பள்ளத்தாக்குக்குக் காலால் நடந்துதான் செல்ல வேண்டும். கோவிந்தகாட்டைத் தாண்டிப் புல்னா கிராமத்துடன் மோட்டார்ச் சாலை நின்றுவிடுகிறது. அங்கிருந்து கங்கரியாவுக்குச் சுமார் 10 கிலோமீட்டர் ஏற்றம். ஹேமகுண்டம் செல்லும் சீக்கிய யாத்திரிகர்கள், முதியோர் உட்பட, என்னைக் கடந்து போனார்கள். நானோ அடிக்கொரு தரம் இயற்கையழகை ரசிப்பவன் போல நின்று மூச்சு வாங்கினேன்.

பள்ளத்தாக்கினுள் இரவு தங்க அனுமதியில்லை. ஆகவே மறுநாள் காலையில் கங்கரியாவிலிருந்து வழிகாட்டி ஒருவருடன் புறப்பட்டேன். புஷ்பாவதி ஆற்றைக் கடந்து பூர்ஜ மரங்களினூடே ஏறினோம். திடீரென்று மலைகள் விலகி, பசும்புல்வெளி விரிந்தது. 1931-ல் காமெட் சிகரத்தில் ஏறித் திரும்பிய பிராங்க் ஸ்மைத் இவ்விடத்தைக் கண்டு, 1938-ல் எழுதிய நூலால் உலகறியச் செய்தார்.

பாதையோரம் ஆளுயரத்துக்கு அடர்ந்து, வெண்பூங்கொத்துகளுடன் ஒரு செடி நின்றது. "என்ன செழிப்பு!" என்றேன்.

வழிகாட்டி சிரித்தார். "பாபுஜி, இதைத்தான் ஆண்டுதோறும் பிடுங்கி எறிகிறோம். இதன் நிழலில் சிறு பூக்கள் பிழைப்பதில்லை."

பாலிகோனம் எனத் தாவர நூலார் கூறும் செடி அது. அயல்நாட்டிலிருந்து வந்ததன்று, இமயத்துக்கே உரியது. 1939-ல் இங்கே செடிகள் சேகரிக்கையில் சறுக்கி விழுந்து மாண்ட ஜோன் மார்கரெட் லெக் அம்மையாரின் கல்லறையருகே அமர்ந்து அவர் விளக்கினார். அவர் தந்தை இப்பள்ளத்தாக்கில் ஆடு மேய்த்தவராம். 1982-ல் இது தேசியப் பூங்காவானது. அதன்பின் மேய்ச்சல் தடுக்கப்பட்டது.

"ஆடுகள் வந்த காலத்தில் இது தலைதூக்கவில்லை என்பார் அப்பா."

மேய்ச்சல் நின்றதே காரணம் என்போரும், ஆடுகள் அரிய மூலிகைகளை அழித்திருக்கும் என்போரும் நிபுணர்களுள் உண்டு. வேலி போட்டுவிட்டால் காடு தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்று எண்ணியிருந்த நான் வாயடைத்துப் போனேன். மேய்ப்பரின் மகனோ இரு பக்கத்தையும் பழிக்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. திரும்பும் வழியில் அவர் குனிந்து ஒரு செடியைப் பற்றி இழுத்தார். தண்டு கையோடு வந்தது. வேரில் பாதி மண்ணுக்குள் தங்கிவிட்டது.

"அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று சொல்லி நடந்தார்.